பரீட்சை இயந்திரம்

முதல் நாள் நெரெய்தா பலகையில் எழுதியது ஒரே வரி:
குளிர் என்று ஒன்று கிடையாது.

எர்மோசீயோ நகரில் அன்று நாற்பத்தாறு பாகை.
வகுப்பில் ஏசி இல்லை.
இருந்த ஐந்தும் எங்களுக்காகவே
பார்த்துப் பார்த்துக் கெடுக்கப்பட்டவை.
"அதான் தெரியுதே" என்று
பின்வரிசையில் வென்செஸ்லாவோ முனக
பன்னிரண்டு பேரும் சிரித்தோம்.
அவள் சிரிக்கவில்லை.
இருப்பது வெப்பம் மட்டும்தான்.
வேண்டாத இடத்திலிருந்து அள்ளி
வேறெங்காவது கொட்டுவது நம் வேலை.

எனக்கு நாற்பத்து மூன்று. அவளைவிடப் பதினைந்து மூத்தவள்.
கார்களுக்கு ஒயர்க்கட்டு பின்னியே பதினாறு வருடம்.
ஆலையை மூடிய அன்று
ஒரு தொப்பியும் நன்றிக் கடிதமும் தந்தார்கள்.
கை மட்டும் சேதி தெரியாமல்
தூக்கத்தில் பின்னிக்கொண்டிருந்தது.

செம்பு அப்படியல்ல.
பழுப்பதற்குச் சற்று முன்
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
நிறம் மாறும்.
அந்த நொடியில் வெள்ளிக் கம்பியைத் தொடவைக்க வேண்டும்;
உருக்குவது சுடராக இருக்கக் கூடாது,
குழாயின் சூடாக இருக்க வேண்டும்.
மூன்று வாரம் சொட்டவிட்டேன், கருகவிட்டேன்.
நாலாம் வாரம் அது தானாக ஓடி
வளையமாகப் படுத்துக்கொண்டது.

போடும் இணைப்பில் எல்லாம்
அவரவர் அடையாளம் கீற வேண்டும். அது நெரெய்தாவின் சட்டம்.
வென்செஸ்லாவோ சிலுவை.
நான் மீன். ஏன் மீன் என்று கேட்காதீர்கள்,
கடலைப் பார்த்தே ஒன்பது வருடமாகிறது.

பரீட்சைக்கு ஒரே இயந்திரம். ஒருவர் பின் ஒருவராக.
"ஒப்துலியா" என்றாள். போனேன்.
கம்ப்ரஸர் முனகியது, எழவில்லை.
மின்சாரத்தை நிறுத்தி, கெபாசிட்டரின் மிச்சத்தை வடித்து,
அளந்தேன். செத்திருந்தது.
அவள் ஒளித்துவைத்தது அதுதான்.
மாற்றினேன். எழுந்தது.
ஆறரை நிமிடம்.
தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக்.

அங்கேயே கையைத் துடைத்திருக்கலாம்.

ஆனால் நீலக் குழாயின் முள்
இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது.
நட்டின் அடியில் எண்ணெய்,
கடைவாயில் காய்ந்த பால்போல மெல்லிய கறை.
சோப்பு நுரை தடவினேன்.
ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லை.
பிறகு, ஊசிமுனை அளவில், ஒரு குமிழ்.
வளர்ந்தது. உடைந்தது. இன்னொன்று.

"இது நான் வைத்ததில்லை" என்றாள் நெரெய்தா.

நட்டைத் துடைத்தேன்.
மீன்.

மார்ச் மாதம் போட்டது.
மூன்று மாதமாக என் மீன் வழியாக
வாயு யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

தாளை மேலும் கீழும் பார்த்தாள்.
பிழையைக் கண்டுபிடித்ததற்குக் கட்டம் இல்லை.
பிழையைச் செய்ததற்கும் இல்லை.
தண்ணீர் குடித்தாள்.
"இதை வைத்து மற்றவர்களைச் சோதிக்க முடியாது. சரி செய்."

மீதி வாயுவை உருளைக்குள் இழுத்து,
குழாயை வெட்டி, பிசிறு நீக்கி,
வாயை மறுபடி விரித்து இறுக்கி,
நைட்ரஜன் ஏற்றிப் பார்த்து,
வெற்றிடப் பம்பை ஓடவிட்டேன்.
வெற்றிடம் அவசரத்துக்கு வராது.
வெளியே தகரக் கூரையின் கீழ் பதினொரு பேர்.
வென்செஸ்லாவோ என் தாயை இழுத்துத் திட்டுவது
பம்பின் இரைச்சலுக்கு மேலே கேட்டது.
அவனுக்கு மூன்று மணிக்கு லாரி ஷிப்ட்.
போய்விட்டான். அவன் அடுத்த தவணை எழுதுவான், எழுதாமலும் போவான்.

இரண்டாம் முறை மீனைக் கீறும்போது
வால் கோணிப்போயிற்று. அப்படியே விட்டேன்.

இயந்திரம் ஓடியது. உள்ளே நெரெய்தாவின் தாள்கள் படபடத்தன.
நான் சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போனேன்,
அள்ளியதை எங்கே கொட்டுகிறது என்று பார்க்க.
பனிச்சீவல் விற்பவரின் வண்டிமேல்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஐஸ்கட்டிமேல் ஈரச் சாக்கை
இன்னும் ஒரு மடிப்புப் போட்டுக்கொண்டார்.